அலாஸ்கா கப்பல்: டிக்கெட் விலையைக் கடைசியில் பாருங்கள்

கோடை வருவதற்கு நாலைந்து மாதம் முன்பே, அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கும் நம்மூர் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். கிராண்ட் கேன்யன் போன தடவையே காட்டியாச்சு. அம்மாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க வைக்க முடியாது. "பேசாம அலாஸ்கா க்ரூஸ் போயிடலாமா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தக் கப்பல் சீப்?"

நான் கப்பல் துறைக்காரன் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். என் பெற்றோரை (அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 67) அழைத்துப் போவதற்காக இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன். போய் வந்த பிறகும் அந்தப் படிப்பு நிற்கவில்லை. சட்டம், வழக்கு, விபத்து அறிக்கை என்று எங்கெங்கோ இழுத்துப்போனது. படித்ததிலிருந்து எனக்குப் பிடிபட்டது இதுதான். நாம் கப்பலை மிதக்கும் ஓட்டலாக நினைத்து விலையிலிருந்து தொடங்குகிறோம். கப்பலுக்கோ தனிச் சட்டம், தனிக் கடிகாரம், தனி மருத்துவமனை. வயதானவர்களோடு போகும்போது பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான். அதனால் இவற்றை முதலில் முடித்துவிட்டு, விலையைக் கடைசியில் பார்ப்பதே சரியான வரிசை.

ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்றேன்.

1886-ஆம் வருடத்துச் சட்டமும் உங்கள் அம்மாவின் விசாவும்

சியாட்டிலும் அமெரிக்கா, அலாஸ்காவும் அமெரிக்கா. அப்புறம் ஏன் சியாட்டிலில் புறப்பட்டு கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல், வழக்கமாகக் கடைசி நாள் மாலை கனடாவின் விக்டோரியாவில் போய் நிற்கிறது? பூந்தோட்டம் காட்டவா? இருட்டுகிற நேரத்தில் போய்ச் சில மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

காரணம், 1886-இல் அமெரிக்கா போட்ட பயணிகள் கப்பல் சேவைச் சட்டம். அமெரிக்காவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோக வேண்டுமென்றால், அந்தக் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக, அமெரிக்கக் கொடி பறப்பதாக இருக்க வேண்டும். இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், பின்லாந்து என்று ஐரோப்பாவில் கட்டப்பட்டவை. கொடியோ பஹாமாஸ், பனாமா, பெர்முடா, நெதர்லாந்து. அமெரிக்கக் கொடியோடு கடலில் ஓடும் பெரிய உல்லாசக் கப்பல் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' ஒன்றுதான். அது ஹவாய்த் தீவுகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்கு இருக்கும் வழி இது: புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்புவதாக இருந்தால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்திலாவது நிற்க வேண்டும். கனடா, மெக்சிகோ போன்ற பக்கத்து நாடாக இருந்தாலே போதும். ஆகவே விக்டோரியா. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹவாய் போய் வரும் கப்பல்கள் மெக்சிகோவின் என்செனாடாவில் ஒரு எட்டு நின்றுவிட்டு வருவதும் இதே காரணத்துக்குத்தான். மீறினால் ஆளுக்கு இவ்வளவு என்று அபராதம். 1886-இல் 2 டாலராக இருந்தது, 1898-இல் 200 ஆனது. இன்று ஆளுக்கு 800 டாலருக்கு மேல்.

இந்தச் சட்டம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது கோவிட் காலத்தில் தெரிந்தது. கனடா தன் துறைமுகங்களை உல்லாசக் கப்பல்களுக்கு மூடிவிட்டது. விக்டோரியாவில் நிற்க முடியவில்லை என்றால் சியாட்டில் - அலாஸ்கா பயணமே சட்டப்படி நடக்காது. சுற்றுலாவை நம்பியிருக்கும் அலாஸ்கா ஊர்கள் தவித்துப்போயின. கடைசியில் 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, அந்த ஜூலையில்தான் பெரிய கப்பல்கள் மறுபடி ஓடின. 135 வருடத்துப் பழைய சட்டத்தைச் சுற்றிப் போக இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. பழைய கோடு எழுதிவைத்த கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இது நமக்கு எதற்கு? அமெரிக்கக் குடிமக்களுக்கு இது வெறும் சுவாரசியத் தகவல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இது விசா. விக்டோரியாவில் நிற்பதால் உங்கள் பெற்றோருக்குக் கனடா விசாவும் வேண்டும். "நாங்க இறங்கவே மாட்டோம், ரூம்லயே இருந்துக்குவோம்" என்ற சமாதானத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். கப்பல் ஏறும் இடத்தில், செக்கின் மேசையிலேயே கேட்பார்கள். இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது.

குறித்துக்கொள்ள வேண்டியவை:

- பெற்றோரின் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கிறதா? கப்பல் சியாட்டிலுக்குத் திரும்பும்போது அவர்கள் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்.
- கனடா விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் பத்து வருடம் செல்லும். விண்ணப்பம் முடிய எத்தனை வாரம் ஆகும் என்பது காலத்துக்குக் காலம் மாறும். முடிந்தால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.
- கிரீன் கார்டு இருப்பவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. ஆனால் கார்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.
- எச்-1பி-யில் இருந்து பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியானவர்கள், டிக்கெட் வாங்கும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 30 நாளுக்குள் கனடா போய் வருபவர்களுக்கு ஒரு சலுகை விதி இருக்கிறது, ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு.
- கனடா போய் வந்தால் அம்மா அப்பாவுக்குப் புதிதாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். பழைய தேதியே தொடர்வதுதான் வழக்கம்.

இந்தச் சட்டத்தில் இன்னொரு பொறியும் உண்டு. சியாட்டிலிலிருந்து வான்கூவர் போகும் ஒரு சின்னப் பயணம், வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் போகும் ஒரு வாரப் பயணம், இரண்டையும் ஒரே கப்பலில் அடுத்தடுத்து வாங்கினால்? தனித்தனியாக இரண்டும் சட்டப்படி சரி. சேர்த்தால் சியாட்டிலில் ஏறி விட்டியரில் இறங்கியவர் ஆகிவிடுகிறீர்கள், அது மீறல். யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ், ஒன்றாகச் சேர்த்தால் ஃபெயில் என்கிற கதைதான். அதேபோல சியாட்டிலில் ஏறிவிட்டு, "ஜூனோ பிடிச்சிருக்கு, இங்கயே இறங்கிக்கிறோம்" என்று நடுவில் பயணத்தை முடித்துக்கொண்டாலும் மீறல்தான். அபராதம் கப்பல் கம்பெனிக்கு. ஆனால் அதை உங்கள் கணக்கில் எழுத ஒப்பந்தத்தில் இடம் வைத்திருப்பார்கள்.

எங்கே ஏறுவது

மூன்று வழிகள். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது, வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்குவது, வான்கூவருக்கும் விட்டியர் அல்லது சீவர்டுக்கும் இடையே ஒருவழிப் பயணம்.

சியாட்டில் வசதி. உள்நாட்டு விமானம், விக்டோரியாவில் மட்டும் கனடா. ஆனால் சியாட்டில் கப்பல்கள் பலவும் வான்கூவர் தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த கடலில் போகும். வான்கூவரில் புறப்படுபவை தீவுக்கும் நிலத்துக்கும் நடுவிலுள்ள அமைதியான நீர்வழியில் போகும். தலைசுற்றல், வாந்தி உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஒருவழிப் பயணங்கள் இன்னும் வடக்கே அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும். அதுவும் திறந்த கடல்தான்.

அறையை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம் என்று கேளுங்கள். ஊஞ்சல் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவு. மேல்தளத்து முன்மூலை அறையில் காட்சி நன்றாக இருக்கும், ஆட்டமும் நன்றாகவே இருக்கும். கடல் குமட்டலுக்கான மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், மற்ற மாத்திரைகளோடு சேருமா என்பதும் கேள்வி. பெற்றோரின் டாக்டரிடம் ஊரிலேயே கேட்டு வாங்கிவரச் சொல்வது உத்தமம்.

பனிப்பாறையைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால், கப்பல் எந்தப் பனிப்பாறைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. அதனால் எல்லாக் கப்பலும் அங்கே போகாது. அங்கே கரையில் இறங்குவது கிடையாது. பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி வந்து ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். எங்கள் வீட்டில் முடிவெடுக்க இந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

கரை இறங்கும் ஊர்களில் கப்பல் மேடையில் கட்டி நிற்கிறதா, அல்லது கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குகிறார்களா என்றும் பாருங்கள். படகு என்றால் ஆடிக்கொண்டிருக்கும் விளிம்பில் கால் வைத்துத் தாண்ட வேண்டும். சக்கர நாற்காலியோடு அது பல நேரம் நடக்காது. ஸ்காக்வேயில் இறங்கினால் மலை ரயில் இருக்கிறது. தங்கம் தேடிக் கூட்டம் ஓடிய காலத்தில், 1898-இலிருந்து 1900-க்குள் போட்ட பாதை. தண்டவாள அகலம் மூன்றடிதான், நம் ஊட்டி ரயிலைவிடக் குறுகல். உச்சி வரை போய்த் திரும்பும் பயணத்தில் இறங்கவே வேண்டாம். எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போகும் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் மறுபடி வேண்டும்.

கப்பலில் டாக்டர் உண்டு, ஆஸ்பத்திரி இல்லை

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

கப்பலில் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள். இ.சி.ஜி., எக்ஸ்ரே, சில ரத்தப் பரிசோதனைகள் வரை செய்வார்கள். அவர்கள் வேலை, நிலைமை மோசமாகாமல் பிடித்துவைத்து அடுத்த துறைமுகத்தில் இறக்குவது. அறுவை சிகிச்சை அங்கே எதிர்பார்க்கும் விஷயமல்ல. ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம், நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. அங்கே முடியாத சிகிச்சை என்றால் விமான ஆம்புலன்ஸில் சியாட்டிலுக்குத்தான் பெரும்பாலும் கொண்டுபோக வேண்டும். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். அதற்கான பில் பல்லாயிரம் டாலர்களில் வரும்.

பெற்றோருக்கு ஏற்கெனவே எடுத்திருக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் போதுமா? பாலிசியை எடுத்துவைத்து ஐந்து கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்:

1. கப்பலில், நடுக்கடலில் நடக்கும் சிகிச்சைக்குச் செல்லுமா? சில பாலிசிகள் அமெரிக்க மண்ணோடு நின்றுவிடும்.
2. கனடாவில் செல்லுமா?
3. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு (பிரஷர், சர்க்கரை, இதயம்) என்ன சொல்கிறது? "திடீரென்று தீவிரமானால் மட்டும்" என்று எழுதியிருக்கும், அதற்கும் வயது வரம்பு இருக்கும். 69 வயதுக்குக் கிடைப்பது 71 வயதுக்குக் கிடைக்காமல் போகலாம்.
4. விமான ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு வரை தரும்? சிகிச்சைத் தொகையிலிருந்து தனியாகவா, அதற்குள்ளேயேவா?
5. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் வகையா, மொத்தச் செலவில் பங்கு தரும் வகையா? முதல் வகை மலிவு. ஆனால் அமெரிக்க பில்லுக்கு முன்னால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கப்பலின் மருத்துவ பில் உங்கள் கப்பல் கணக்கில் ஏறிவிடும். முதலில் நீங்கள் கட்டி, பிறகு ரசீதைக் காட்டி இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே கிரெடிட் கார்டில் இடம் வைத்திருங்கள், ஒவ்வொரு தாளையும் கேட்டு வாங்குங்கள்.

கப்பல் டாக்டர் தவறு செய்தால்? நெடுங்காலம் அமெரிக்க நீதிமன்றங்கள் அதற்குக் கப்பல் கம்பெனி பொறுப்பல்ல என்றே சொல்லிவந்தன. 2014-இல் ஃபிரான்ஸா வழக்கில் அட்லாண்டாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வழக்குப் போட வழி திறந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் நம் வேலை வழக்கு வரை போகாமல் பார்த்துக்கொள்வது.

மாத்திரைகள் எப்போதும் கைப்பையில். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு மாலையில்தான் அறைக்கு அனுப்புவார்கள். நான்கு நாள் மாத்திரை கூடுதலாக, மருந்துச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பிரஷர் மாத்திரை, அளவு, டாக்டர் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி இரண்டு பேர் பையில் வைத்தேன். போனில் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். போன் சார்ஜ் தீர்ந்துபோகும், தாளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஒன்று. கப்பல்களில் பரவும் நோரோவைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமிக்கு, கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி, கப்பல்களைச் சுகாதாரச் சோதனை செய்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 86-தான் பாஸ் மார்க், 85 வாங்கினால் ஃபெயில். டிக்கெட் வாங்கும் முன் உங்கள் கப்பலின் மார்க்கைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

கப்பலின் கடிகாரம்

அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் வடக்கே போகும்போது ஓர் இரவில் கடிகாரத்தை மாற்றுவார்கள், திரும்பும்போது மறுபடி மாற்றுவார்கள். உங்கள் போனோ கரையில் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், அல்லது ஏர்ப்ளேன் மோடில் பழைய நேரத்திலேயே நிற்கும். கப்பல் புறப்படுவது கப்பலின் நேரப்படிதான். அறையில் தரும் தினசரித் தாளிலோ கப்பலின் ஆப்பிலோ அதைப் பார்த்து, பழைய கைக்கடிகாரம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் புறப்படுவதற்கு அரை மணி முன்பு.

தாமதமானால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களா? போய்விடுவார்கள். 2024 மார்ச்சில், ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ டோமே தீவில், தனியார் சுற்றுலா போன எட்டுப் பயணிகள் தாமதமாக வந்தபோது 'நார்வீஜியன் டான்' கப்பல் காத்திருக்கவில்லை. அவர்கள் பல நாடுகளைத் தாண்டி, கடைசியில் செனகலில்தான் கப்பலைப் பிடித்தார்கள். துறைமுக மேடைக்கு நேரக்கணக்கில் வாடகை, அடுத்த ஊரில் ஒதுக்கிய நேரம், ஆயிரக்கணக்கான மற்ற பயணிகள் என்று கப்பலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

கப்பல் கம்பெனி மூலம் வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த ஊருக்கு அவர்களே கொண்டுசேர்ப்பார்கள். வெளியே வாங்கினால் மலிவு, பொறுப்பு உங்களுடையது. என் கணக்கு இது: ஊருக்குள்ளேயே சுற்றுவது என்றால் வெளியே வாங்கலாம். படகு, ஹெலிகாப்டர், ரயில் என்று தூரம் போவதைக் கப்பல் மூலமாக வாங்கலாம். ஜூனோவில் தவறவிட்டால் பஸ் பிடித்து அடுத்த ஊர் போக வழியில்லை, விமானம்தான்.

இதே காரணத்தால், கப்பல் புறப்படும் நாள் காலையில் விமானத்தில் போய் இறங்குவதைத் தவிருங்கள். முந்தின நாளே போய்விடுங்கள். சியாட்டிலில் பெரிய கப்பல்களுக்கு இரண்டு முனையங்கள், 66-ஆம் மேடையும் 91-ஆம் மேடையும். இரண்டும் வேறு வேறு இடம். டாக்சியில் ஏறும் முன் டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் படிக்காத ஒப்பந்தம்

டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தை ஒருமுறையாவது படியுங்கள். காற்று, மூடுபனி என்று எதற்காகவும் கேப்டன் ஒரு ஊரை விட்டுவிட்டுப் போகலாம். பொதுவாகத் துறைமுகக் கட்டணம் திரும்பும், நஷ்ட ஈடு கிடையாது. காயம் பட்டால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று இருக்கும். எந்த ஊரில் வழக்குப் போடலாம் என்பதையும் கம்பெனியே எழுதியிருக்கும். இது செல்லுமா? வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒருவர் தங்கள் ஊரில் வழக்குப் போட முயன்றார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் டிக்கெட்டில் எழுதியபடி ஃபுளோரிடாவுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டது. கார்னிவல் எதிர் ஷூட் வழக்கு, இன்றும் சட்ட மாணவர்கள் படிப்பது.

ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி

முதல் நாள் ஆபத்துக்காலப் பயிற்சி நடக்கும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அந்தப் பயிற்சி அதுவரை நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது அன்றைய விதி. 2015-லிருந்து, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும்.

இப்போது பல கப்பல்களில் ஆப்பில் வீடியோ பார்த்துவிட்டு, உங்கள் கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. நிறைய பேர் வீடியோவை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்பா அம்மாவோடு அறையிலிருந்து கூடுமிடம் வரை படிக்கட்டிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது. படி ஏற முடியாதவர் என்றால் அன்றே வரவேற்பு மேசையில் சொல்லி, உதவி தேவைப்படுபவர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அதுதான் அழைப்பு.

பெட்டியில் என்ன, தட்டில் என்ன

ரைஸ் குக்கர், எலக்ட்ரிக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி, அகல் விளக்கு எதுவும் பொதுவாக அனுமதி கிடையாது. கப்பலில் தீ என்றால் ஓட இடமில்லை, அவர்கள் கெடுபிடி நியாயமானது. சாமி படம் தாராளமாகக் கொண்டுபோகலாம். பாக்கெட்டில் அடைத்த முறுக்கு, பருப்புப்பொடி பிரச்சினை இல்லை. கப்பலிலிருந்து பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கரை இறங்காதீர்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு, பதிவு செய்யும்போதே இந்திய சைவம் என்று எழுதிவிடுங்கள். ஏறிய முதல் இரவு உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரைப் பார்த்துப் பேசுங்கள். முட்டை சேர்க்கலாமா, வெங்காயம் பூண்டு உண்டா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல கப்பல்களில் சமையலறையில் இந்தியர்கள் இருக்கிறார்கள். முந்தின இரவே சொன்னால் மறுநாளுக்குப் பருப்பும் சாதமும் வந்துவிடும். எங்கள் மேசைக்கு மூன்றாம் நாளிலிருந்து கேட்காமலே ரசம் மாதிரி ஒன்று வந்தது. அம்மா அதை ரசம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் தினமும் குடித்தார்.

மழைக்கோட்டு கட்டாயம். கெச்சிகனில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கோடையிலும் பகல் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். ஜூன் மாதம் ஜூனோவில் இரவு பத்து மணி வரை வெளிச்சம், தூங்கக் கண்மறைப்பு இருந்தால் நல்லது.

இப்போது விலை

விளம்பரத்தில் இருப்பது அறையின் விலை, அதுவும் இருவர் தங்கினால் ஆளுக்கு. அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், வரி. பிறகு பணியாளர் அன்பளிப்பு, ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். நாளுக்கு 18 டாலர் என்று வைத்தால் நான்கு பேருக்கு ஏழு நாளில் 504 டாலர். இணையம், குளிர்பானம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. நடுக்கடலில் போனை ஏர்ப்ளேன் மோடில் போடாவிட்டால், கப்பலின் செல்போன் வலையில் ஒட்டிக்கொண்டு ரோமிங் பில் தனியாக வரும்.

இதோடு கனடா விசாக் கட்டணம், சரியான இன்சூரன்ஸ், முந்தின நாள் ஓட்டல் மூன்றையும் கூட்டுங்கள். இப்போது கப்பல்களை ஒப்பிட்டால் வரிசையே மாறியிருக்கும். உதாரணத்துக்கு, ஆளுக்கு நூறு டாலர் கூடுதலாக இருந்த வான்கூவர் கப்பல் அமைதியான நீர்வழிக்காக வாங்கத் தகுந்ததாகத் தெரியலாம். அல்லது பெற்றோரில் ஒருவருக்கு டாக்டர் அனுமதி தராததால் இந்த வருடம் வேண்டாம் என்ற முடிவுக்கும் வரலாம். அதுவும் நல்ல முடிவுதான், அதைப் பணம் கட்டும் முன் எடுக்க வேண்டும்.

சுருக்கமாக வரிசை: முதலில் இரண்டு நாட்டு விசா. அடுத்து டாக்டரின் சம்மதமும் இன்சூரன்ஸும். மூன்றாவது எந்தத் துறைமுகம், எந்தப் பனிப்பாறை. நான்காவது அறை. ஐந்தாவது விமானம், முந்தின நாளுக்கு. கடைசியில் விலை. முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்குள் முதல் இரண்டும் முடியவில்லை என்றால், முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலாஸ்காவில் கப்பல் மே முதல் செப்டம்பர் வரை ஓடும், அடுத்த வருடமும் ஓடும்.